எண்பதாயிரம் கலம் நெல்லும் ஓர் ஐயரின் வாக்கும்

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அந்தக் காலையை நம் மாவட்டத்துக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும், நம் விருத்தாசலம் பக்கம் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா நட்டு, அப்பா பறித்து, பேரன் கையில் கொடுத்த மரங்கள் ஒரு காலைப் பொழுதில் விறகாகிப் போயின.

மறுநாள் இரவு பழைய வருஷ ஆராதனை. மின்சாரம் கிடையாது. பெட்ரோமாக்ஸ் ஒன்றும் மெழுகுவர்த்திகளும்தான். கோயிலில் பாதிப் பேர் வரவில்லை; வந்தவர்களும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு. ஒரு மரம்கூட மிச்சமில்லை என்று வாசலிலேயே சொல்லியிருந்தார். அன்று ஐயர் எடுத்துக்கொண்ட பகுதி, தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கம். உங்கள் விசுவாசம் பெருகுகிறது, ஒருவரிலொருவர் வைக்கும் அன்பு கூடுகிறது, அதற்காக நாங்கள் எப்போதும் ஸ்தோத்திரம் செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிற கருத்து.

எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. இந்த நேரத்தில் என்ன ஸ்தோத்திரம்? ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் கேட்டே விட்டேன். "ஐயரே, எல்லாம் போன வீட்டுல வந்து நன்றி சொல்லுன்னா எப்படிச் சொல்றது?"

அவர் கோபப்படவில்லை. "புயலுக்கு நன்றி சொல்லச் சொல்லலீங்களே. பவுலும் உபத்திரவத்துக்கு நன்றி சொல்லல. உபத்திரவத்துல அவங்க ஒருத்தரை ஒருத்தர் கைவிடலையே, அதுக்குத்தான் சொல்றாரு. வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க" என்றார்.

படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நம் பக்கத்துச் சரித்திரத்தையும் கொஞ்சம் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெசலோனிக்கே. இன்றைய கிரேக்க நாட்டின் வடக்கே இருக்கும் துறைமுகப் பட்டணம். அன்று மக்கெதோனியாவின் தலைநகர். ஏறத்தாழ கி.பி. 50இல் பவுல், சீலா, தீமோத்தேயு ஆகியோர் அங்கே வந்தார்கள். கொஞ்ச நாளிலேயே ஊரில் கலகம் எழுந்தது. அவர்களைத் தங்க வைத்த யாசோன் என்பவரின் வீட்டைக் கூட்டம் முற்றுகையிட்டது. தேடியவர்கள் கிடைக்காததால் யாசோனையே இழுத்துக்கொண்டு போய் அதிகாரிகள் முன் நிறுத்தினார்கள். அவரும் மற்றவர்களும் பிணை கொடுத்துத்தான் வெளியே வந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. பிறருக்காகத் தன் பணத்தையும் பெயரையும் பிணையாக வைத்த ஒரு வீட்டுக்காரரிடமிருந்துதான் அந்தச் சபையின் கதை தொடங்குகிறது. பவுல் நன்றி சொன்னது இப்படிப்பட்டவர்களுக்காக. சில ஆண்டுகள் கழித்து எருசலேமில் இருந்த ஏழைகளுக்கு உதவி திரட்டியபோது, தாங்களே வறுமையில் கிடந்த மக்கெதோனியச் சபைகள் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தன என்றும் பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார்.

அதெல்லாம் தூரத்துக் கதை. நம் மண்ணில் இப்படி ஒன்று நடந்ததா என்று தேடினால், 1780 முதல் 1784 வரை நடந்த ஹைதர் அலி யுத்த காலத்துக்குத்தான் போக வேண்டும்.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையோடு செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் நம் தென்னாற்காடும் தஞ்சைச் சீமையும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதரின் ஆட்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைப் பிடிக்க முயன்று தோற்றுத் திரும்பினார். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் பெரும் போர் நடந்தது. அதில் ஆங்கிலேயர் வென்றார்கள். யார் வென்றாலும் குடியானவனுக்கு ஒன்றுதான். விளைந்தது எரிந்தது, ஏரிக்கரை உடைந்தது, மாடு போனது. பசி தாங்காமல் ஜனங்கள் கோட்டைகளை நோக்கிக் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். சென்னைப் பட்டணத்தில் 1782இல் அப்படி வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று பெயர் வந்ததன் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் மாவட்டத் தலைநகரான கடலூரில் அப்போது கெரிக்கே என்ற ஜெர்மானிய ஐயர் ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. ஹைதரின் படை ஊருக்குள் நுழைந்தால் கொள்ளைதான் என்று எல்லோரும் நடுங்கிய நேரத்தில், கெரிக்கே பிரெஞ்சு அதிகாரிகளிடம் மன்றாடி அதைத் தடுத்தார். ஆபத்திலிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் சிலரைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். அவருடைய கோயிலையே பிரெஞ்சுக்காரர்கள் வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். ஆராதனைக்கு இடமில்லாமல், சபையாரில் பலர் சிதறிப்போய், கடைசியில் அவரும் நாகப்பட்டினத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பின்னர் சென்னை வேப்பேரியில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து 1803இல் காலமானார். கடலூருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வெடிமருந்துக் கோயில் நினைவுக்கு வரும்.

கத்தோலிக்கரின் நிலையும் அப்போது கஷ்டமானதுதான். 1773இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்துவிட்டார். நம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில் போன்ற இடங்களுக்கு ஆதரவாக இருந்த அமைப்பே இல்லாமல் போயிற்று. குருக்கள் குறைந்த அந்தக் காலத்தில், கிராமத்துச் சபைகளில் ஜெபம் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் உபதேசியார்கள்.

இனி தஞ்சாவூருக்கு வருகிறேன். என் கேள்விக்குப் பதில் கிடைத்த இடம் அதுதான்.

சுவார்ட்ஸ் ஐயர் 1726இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1762 முதல் திருச்சியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் இருந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ் மட்டுமல்லாமல் மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம் எல்லாம் பழகிக்கொண்டார். 1779இல் ஆங்கிலேயர் அவரைச் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் அனுப்பினார்கள். தூது பலிக்கவில்லை. ஆனால் திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அவர் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. சென்னைக் கவர்னர் சபையிடம் கணக்குக் காட்டி ஒப்படைத்தார். அவர்கள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதல் தொகையாக்கினார். யுத்தம் வந்த பிறகும், இந்தப் பாதிரியாரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஹைதர் தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். இரண்டு பக்கமும் நம்பிய ஒரே மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

யுத்தத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி வந்தது. தெருவில் பிணங்கள் கிடந்தன. வேடிக்கை என்னவென்றால், கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டு வர மாடுதான் இல்லை. மாடு இல்லை என்றால், மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள் என்று அர்த்தம். ஏன் மறுத்தார்கள்? முன்பு நெல்லும் மாடும் கொண்டு வந்தவர்களுக்குக் கூலி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருந்த அதிகாரிகள் விழுங்கிவிட்டார்கள். ராஜா ஆணையிட்டும் பயனில்லை. ஆங்கிலேயர் கெஞ்சியும் பயனில்லை. நம் எல்லோருடைய நாணயமும் போய்விட்டது, ஜனங்கள் இந்த ஐயரையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்று கடைசியில் ராஜாவே சொல்லும்படி ஆயிற்று.

சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். கூலியை என் கையாலேயே கொடுப்பேன் என்பதுதான் அதன் சாரம். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கலம் என்றால் 12 மரக்கால் என்பது நம் வயதுக்காரருக்குத் தெரியும். இரண்டு கலம் ஒரு மூட்டை என்று வைத்தால் நாற்பதாயிரம் மூட்டை! இன்றைய நெல் கொள்முதல் நிலையத்து வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று புரியும். வந்த ஒவ்வொருவருக்கும் கூலியைக் கையில் கொடுத்து, மேற்கொண்டு சிறு அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பினார். கையில் போதாத இடத்தில், பிறர் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு நல்லவர் செய்த நற்காரியம் என்று விட்டிருப்பேன். இதற்கு இரண்டாம் பாகம் உண்டு. 1782 பிப்ரவரியில் கொள்ளிடக் கரையில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையை திப்பு வளைத்துச் சிறைபிடித்தார். தஞ்சைக்கு மறுபடியும் அதே பட்டினி, அதே பயம். எதிரி இந்த முறை இன்னும் கிட்டத்தில். வெளியே வந்தால் மாடும் போகும், உயிரும் போகும். மறுபடி சுவார்ட்ஸைத்தான் கேட்டார்கள். மறுபடி அவர் சொல்லி அனுப்பினார். மறுபடி ஜனங்கள் மாடுகளோடு வந்தார்கள். போன முறை கூலி கைக்கு வந்தது. அதனால் இந்த முறை உயிரைப் பணயம் வைத்து வந்தார்கள். ஆபத்து கூடியபோது நம்பிக்கை குறையவில்லை, கூடியது. பவுல் சொன்ன 'பெருகுகிறது' என்ற சொல்லுக்கு இதைவிட எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சபைக்குள் வைத்த அன்பு சபைச் சுவரோடு நின்றுவிட்டால் அது அன்பா, சங்கமா? சபைக்குள்ளும் அவர் செய்ததைச் சொல்கிறேன். நெல் மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். பஞ்சம் வந்ததும் உபதேசியார்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், விதவைகளுக்கும் அதிலிருந்துதான் அளந்தார். தஞ்சையிலும் திருச்சியிலும் இருந்த ஆங்கிலேயரிடம் தண்டிய காசைக் கொண்டு வாசலில் வந்து நின்ற பசித்தவர்களுக்கும் சோறு போட்டார். கும்பிடுகிற சாமி எது என்று கேட்டு அளந்ததாக எங்கும் இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு இன்னொரு சோதனை. ராஜாவின் ஆட்சியில் வரிக் கொடுமை தாங்காமல் 65,000 பேர் தஞ்சைச் சீமையை விட்டே போய்விட்டார்கள். திரும்பி வாருங்கள், நியாயம் கிடைக்கும் என்று ராஜா அழைத்தார். யாரும் வரவில்லை. சுவார்ட்ஸ் உறுதி சொன்ன பிறகு ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் தவறியிருந்தது. ஜூனில் தொடங்க வேண்டிய சாகுபடியைச் செப்டம்பரில் தொடங்க வேண்டிய நிலை. நீங்கள் எங்களுக்கு இரங்கினீர்கள், நாங்கள் இரவு பகலாக உழைத்து அதைக் காட்டுகிறோம் என்ற பொருளில் அவர்கள் சொன்னார்கள்; சொன்னபடியே செய்தார்கள். அந்த ஆண்டு மகசூல் முந்தைய ஆண்டைவிட நன்றாக இருந்தது. நன்றி என்பது வாயில் வரும் சொல் மட்டுமல்ல. சேற்றில் இறங்கிய நன்றி இது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவர் பெருமைக்காக எழுதி வைத்ததில்லை. 1793இல் இங்கிலாந்தில் ஒருவர், சுவார்ட்ஸின் சபையாரைத் திருடர்கள் என்று இழிவாகப் பேசினார். அதற்கு மறுமொழியாக 1794இல், அறுபத்தேழு வயதைத் தாண்டிய சுவார்ட்ஸ், தம் ஜனங்களுக்காக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். யுத்த காலத்து நெல்லையும் மாட்டையும் பற்றிய கணக்கு அந்தக் கடிதத்தில்தான் வருகிறது. தம்மைத் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். தம் சபையாரைத் திட்டியதால் பேனாவை எடுத்தார்.

1798 பிப்ரவரி 13ஆம் தேதி தஞ்சையில் காலமானார். அவர் பிள்ளைபோல் பாதுகாத்து வளர்த்த இரண்டாம் சரபோஜி, இறுதிச் சடங்குக்கு நேரில் வந்து அழுதார். கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தாமே கவிதை எழுதினார். இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சிற்பமும் செய்து வரவழைத்தார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் கோயிலில் இன்றும் அதைப் பார்க்கலாம். படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை ராஜா பிடித்துக்கொண்டிருப்பார். கடைசிவரை சைவராகவே இருந்த ஒரு மன்னர், ஒரு கிறிஸ்தவக் குருவுக்குச் செலுத்திய நன்றி அது. தஞ்சைக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்துபோய் இதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுவார்ட்ஸ் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவர் சேர்த்த நெல்லில் ஒரு பங்கு கும்பினிச் சிப்பாய்களின் வயிற்றுக்கும் போயிற்று. சபைக்குள் இருந்த சாதி வேற்றுமையை அவர் தலைமுறையால் ஒழிக்க முடியவில்லை. அந்தச் சண்டை இன்றுவரை நம்மோடு வருகிறது. ஆனாலும் பஞ்சத்தில் ஒரு சமூகத்துக்கு முதலில் தீர்ந்து போவது அரிசி அல்ல, நாணயம்தான் என்பதை அவர் கதை எனக்குக் காட்டியது. நாணயம் திரும்பினால் அரிசி தானே வண்டியேறி வருகிறது.

இப்போது தானே புயலுக்குத் திரும்புகிறேன். அன்று ஐயரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த நாளில் எங்கள் சபை இரண்டு கட்சியாக இருந்தது. கமிட்டித் தேர்தல்தான் காரணம். என்னோடு சின்ன வயதிலிருந்து பழகிய ஒருவர் எதிர்க்கட்சிக்குப் போனார். நான்கு வருஷம் நாங்கள் பேசவில்லை. வாசலில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். புயலில் என் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் பறந்தன. காற்று தணிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. தோளில் ஒரு நீலத் தார்ப்பாயும் கயிறுமாக வாசலில் அவர் நின்றார். "அண்ணே, ஏணி இருக்கா?" அவ்வளவுதான் பேச்சு. இருவரும் மேலே ஏறிக் கட்டினோம். அவர் வீட்டில் இரண்டு அறைக்கு ஓடு போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

நானோ மறுநாள் இரவு கோயிலில் உட்கார்ந்துகொண்டு, எதற்கு நன்றி சொல்வது என்று ஐயரிடம் கேட்டேன்.

அடுத்த தேர்தலில் மறுபடி கட்சி பிரிந்தது. மறுபடி மௌனம். கஷ்ட காலத்தில் வளர்ந்த அன்பு நல்ல காலம் வந்ததும் வாடிவிடுகிறது என்பதற்கு நானே சாட்சி. தஞ்சைக் குடியானவர்கள் இரண்டாம் முறையும் வந்தார்கள் என்றால், முதல் முறைக்கு உரியது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் என் பங்கைக் கொடுக்கவே இல்லை. ஒரு வார்த்தை நன்றிகூடச் சொன்னதில்லை. அந்தத் தார்ப்பாய் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. எலி கடித்து நாலு இடத்தில் ஓட்டை.

நேற்று கடைவீதிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். பழையதையும் கூடவே எடுத்துப் போகப் போகிறேன். அதைப் பார்த்தால்தான் அவருக்கும் சிரிப்பு வரும்.